சொட்டும் தூவலும்: கோழிக்குஞ்சுகளின் மூச்சு நோய்த் தடுப்பு வரலாறு

தமிழகக் கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்றும், கால்நடைத் துறையின் ஏடுகளில் கோழிக் கழிச்சல் என்றும், மருத்துவ நூல்களில் ராணிக்கெட் என்றும் குறிக்கப்படும் நோய் கழிச்சலால் பெயர் பெற்றதாயினும், கோழியின் உடலுக்குள் அது நுழையும் வழி பெரும்பாலும் மூக்கும் கண்ணும் தொண்டையுமே ஆகும். 1926இல் ஜாவாவில் கிரானவெல்டும், அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்துப் பரவிய நோயைக் கண்டு 1927இல் டாயிலும் இதனை விவரித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் இமயத்தின் அடிவாரத்துக் குமாவுன் மலைப்பகுதியான ராணிக்கேத்தில் கோழிகள் கூட்டமாக மடிந்ததை முக்தேசுவரத்தின் அரசுக் கால்நடை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் பதிவு செய்தார். ஆசியாவில் கண்ட நோய் குடலைக் கடுமையாகத் தாக்க, 1940களில் கலிபோர்னியாவில் பீச் ஆராய்ந்த நோய் மூச்சுத் திணறலையும் நரம்புக் கோளாறையும் முதன்மையாகக் காட்டியதால், இரண்டும் ஒரே வைரஸின் வேலை என்பது தெளிவாவதற்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. எந்த வடிவில் வந்தாலும் பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகள்தாம் அதனிடம் மிக எளிதில் வீழ்ந்தன. ஆகவே பிறந்த முதல் வாரத்திலேயே பாதுகாப்பைக் கொடுப்பது எப்படி என்பது கோழி மருத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்றாயிற்று.

அக்கேள்விக்குரிய விடையைத் தேடும் முயற்சி இந்நோயில் தொடங்கவில்லை. கோழியின் குரல்வளையையும் மூச்சுக்குழாயையும் இரத்தக் கசிவோடு அடைத்துவிடும் குரல்வளை-மூச்சுக்குழாய் அழற்சி என்ற வேறொரு வைரஸ் நோய் அமெரிக்காவில் 1925 முதல் அறியப்பட்டிருந்தது. நியூ ஜெர்சியில் பணியாற்றிய ஹட்சனும் போடெட்டும் 1932இல் ஒரு விந்தையான வழியைக் கண்டனர்: நோயை உண்டாக்கும் அதே வைரஸை, மூச்சுக்குழாய்க்கு வெகு தொலைவில் உள்ள எச்சவாயின் உட்புறச் சவ்வில் தூரிகையால் தடவினால், அவ்விடத்தில் சிறிது வீக்கமும் சிவப்பும் தோன்றி மறைய, கோழி மூச்சு முட்டிச் சாகாமலே எதிர்ப்பு வலிமை பெற்றுவிடும். வைரஸின் வீரியத்தைக் குறைக்கத் தெரியாத காலத்தில் அது நுழையும் வாயிலை மாற்றியே அபாயத்தைத் தவிர்த்த இம்முறை, கோழிகளின் வைரஸ் நோய்களுக்கு எதிராகக் கண்ட முதல் வெற்றிகளுள் ஒன்று. எச்சவாயை ஒட்டி அமைந்த பர்சா என்னும் சிறு பைதான் கோழியின் எதிர்ப்புப் புரதங்களுக்குப் பிறப்பிடம் என்பதை 1956இல் கிளிக்கும் சாங்கும் வெளியிட்டனர் என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லலாம். தூரிகை பிடித்தவர்கள் தங்கள் கை தொடும் இடத்தின் சிறப்பை அறியாமலே வேலை செய்துகொண்டிருந்தனர்.

ஆயினும் எச்சவாயில் தடவும் முறை வளர்ந்த கோழிகளுக்கே ஏற்றது. ஒரு நாள் குஞ்சிடம் அதைச் செய்ய இயலாது. 1931இல் வட டகோட்டாவில் ஷாக்கும் ஹானும் விவரித்த தொற்று மூச்சுக்கிளை அழற்சி என்ற மற்றொரு வைரஸ் நோயோ குஞ்சுகளையே முதலில் தாக்கியதோடு, பிழைத்து வளர்ந்த பெட்டைகளின் முட்டையிடும் உறுப்பையும் கெடுத்துவிட்டது. அதற்கு அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளில் கையாண்ட முதல் வழியும் துணிச்சலானதே: முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளில் சிலவற்றிற்கு வேண்டுமென்றே நோயைக் கொடுத்து, அவற்றிடமிருந்து மந்தை முழுவதும் தொற்றிக்கொள்ள விட்டனர். முட்டைப் பருவத்தில் வந்தால் பெருநட்டம் தரும் நோய் அதற்கு முன்பே வந்து போய்விட வேண்டும் என்பதே அதன் கணக்கு. அம்மந்தைக்கு அது பயன்பட்டாலும், அண்டைப் பண்ணையில் அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்கு அதுவே கொள்ளியாயிற்று என்பதால், இம்முறை பாதுகாப்பு என்ற பெயருக்கு உரியதா என்பது ஐயத்திற்குரியது.

வைரஸின் வீரியத்தையே குறைக்கும் வழியைக் கோழிமுட்டையே கொடுத்தது. கரு வளரும் முட்டைக்குள் வைரஸை வளர்க்கலாம் என்பதை 1931இல் உட்ரஃப்பும் குட்பாஸ்சரும் கோழி அம்மையைக் கொண்டு காட்டிய பின்னர், ஒரு முட்டையிலிருந்து அடுத்த முட்டைக்கு எனத் தொடர்ந்து கடத்தினால் சில வைரஸ்கள் தம் கொடுமையை இழக்கின்றன என்பது பல ஆய்வுக்கூடங்களில் தெரிய வந்தது. எஸ். ஜி. ஐயரும் டாப்சனும் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் வகை வைரஸை இவ்வாறு பதப்படுத்தி 1940இல் வெளியிட்ட முடிவுகளும், முக்தேசுவரத்தில் ஹாடோவும் இத்னானியும் 1946இல் வெளியிட்ட, முக்தேசுவர வகை என்றே பெயர் பெற்ற தடுப்பு மருந்தும், பாலஸ்தீனத்தில் கோமரோவ் வாத்துக்குஞ்சுகளின் மூளை வழியாகத் தொடர்ந்து கடத்தி உருவாக்கிய வகையும் ராணிக்கெட் நோய்க்கு எதிரான முதல் உறுதியான கருவிகளாக அமைந்தன. இவற்றுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு: வீரியம் பாதியளவே குறைந்த, நடுத்தரக் கடுமையுள்ள இவ்வைரஸ்களை வளர்ந்த கோழிகள் தாங்கினவே தவிர, பிஞ்சுக் குஞ்சுகள் தாங்கவில்லை. கோமரோவ் வகையைக் கொண்ட, 'ஆர்.டி.வி.கே.' என்று தமிழகக் கோழி வளர்ப்போர் அறிந்த தடுப்பூசி எட்டு வாரம் ஆன பிறகே இறக்கைப் பகுதியில் தோலுக்கடியில் போடப்படுவதன் காரணம் இதுவே.

குஞ்சுக்கு ஏற்ற வைரஸ் கிடைத்ததில் தற்செயலுக்குப் பெரும்பங்கு உண்டு. மனிதர் பதப்படுத்தி உருவாக்காமல், இயற்கையிலேயே மென்மையாக இருந்த வைரஸ் வகைகள் சில பண்ணைகளில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தன. அவை உண்டாக்கிய நோய் மிக இலேசானது என்பதால் எவரும் அவற்றைத் தேடவில்லை. விர்ஜீனியாவில் பணிபுரிந்த ஹிட்ச்னர் அத்தகைய ஒன்றின் பயனை உணர்ந்து, பி1 என்னும் அவ்வகையைக் குறித்து ஜான்சனோடு சேர்ந்து 1948இல் எழுதினார். பிறந்த குஞ்சின் மூக்கில் இட்டாலும் அது உயிருக்குத் தீங்கு செய்யாமல் எதிர்ப்பைத் தூண்டியது. நியூ ஜெர்சியில் லா சோட்டா குடும்பத்தின் பண்ணையிலிருந்து 1946இல் பிரித்தெடுத்த வைரஸ் இன்றும் உலகெங்கும் அப்பெயராலேயே வழங்குகிறது. பி1ஐவிட வலுவான எதிர்ப்பைத் தந்தாலும் குஞ்சுகளுக்குச் சளியும் இருமலும் சற்றுக் கூடுதலாக வரச் செய்வதால், முதல் முறை பி1 அல்லது அதை ஒத்த மென்மையான வகையையும் அடுத்த முறை லசோட்டாவையும் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் 1952இல் விவரித்த எஃப் வகை இந்தியாவில் வேரூன்றி, பிறந்த முதல் வாரத்துக் குஞ்சுகளின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடப்படும் மருந்தாயிற்று. மூச்சுக்கிளை அழற்சிக்கும் இதே போக்கில் தீர்வு வந்தது: நெதர்லாந்தில் பைலெங்கா ஒரே வைரஸை முட்டையில் 52 முறை கடத்தியதை வளர்ந்த கோழிகளுக்கும், 120 முறை கடத்தியதைக் குஞ்சுகளுக்கும் உரியதாக ஆக்கினார், எச்52, எச்120 என்ற மருந்துப் பெயர்களில் நிற்பவை அந்த எண்களே.

சொட்டு இடும் முறை பார்ப்பதற்கு எளியது. அதன் நுட்பம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. உறைநிலையில் உலர்த்திய மருந்துக் கட்டியைக் குளிர்ந்த கரைப்பானில் கரைத்துச் சொட்டு முனை பொருத்திய குப்பியில் நிரப்பிக்கொண்டு, குஞ்சை உள்ளங்கையில் அடக்கித் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மேல்நோக்கிய கண்ணின் மேல் குப்பியை நேராகக் கவிழ்த்து ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு சொட்டை விழச் செய்வர். சொட்டு விழுந்தவுடன் குஞ்சை விட்டுவிடுவதே பலரும் செய்யும் பிழை. அது கண்ணை மூடித் திறந்து, மருந்து கண்ணின் மேற்பரப்பிலிருந்து உள்ளே மறையும் வரை பிடித்திருக்க வேண்டும், இல்லையேல் தலையை உதறிய உதறலில் மருந்து தரையில் போய்விடும். மூக்கில் இடுவோர் ஒரு துளையை விரலால் அடைத்துக்கொண்டு மற்றதில் இடுவர். குஞ்சு மூச்சை உள்ளிழுக்கும்போது சொட்டும் உடன் போகும். கரைத்த மருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்பதாலும், வெயிலும் கைச்சூடும் வைரஸைக் கொல்லும் என்பதாலும், குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சிறிது சிறிதாக எடுப்பது நல்ல பண்ணையின் ஒழுங்காகும்.

இச்சிறு சொட்டு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு முழு விளக்கம் பின்னரே கிடைத்தது. நோயை வென்ற தாய்க்கோழியின் எதிர்ப்புப் புரதங்கள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குச் செல்கின்றன என்பதை 1893இல் கிளெம்பரர் டெட்டனசைக் கொண்டு காட்டியிருந்தார். இந்தத் தாய்வழிப் புரதம் குஞ்சின் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, இரண்டு அல்லது மூன்று வாரங்களில் பயனற்றதாகிவிடுகிறது. அதுவரை காக்கின்ற அதே புரதம், ஊசியாகப் போட்ட உயிருள்ள மருந்தை வேலை செய்ய விடாமல் அழித்தும் விடுகிறது. முன்கூட்டிப் போட்டால் மருந்து வீணாகும், தள்ளிப் போட்டால் நோய் முந்திக்கொள்ளும் என்ற இக்கட்டு இதனால் தோன்றியது. கண்ணிலும் மூக்கிலும் இட்ட மருந்து இந்த இக்கட்டை ஓரளவு தாண்டிச் சென்றதன் காரணம், விழிக்கோளத்திற்குப் பின்னால் அமைந்துள்ள ஹார்டர் சுரப்பியில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூல்களில் இடம்பெற்ற இச்சுரப்பி கோழிகளில் எதிர்ப்புச் செல்கள் நிறைந்த இடம் என்பதும், கண்ணுக்குள் விழும் வைரஸுக்கு எதிரான புரதத்தைக் கண்ணீரிலேயே சுரந்து மூச்சுப்பாதையின் வாயிலைக் காக்கிறது என்பதும் 1970களின் ஆய்வுகளால் உறுதிப்பட்டன. இரத்தத்தில் தாய்ப்புரதம் நிறைந்திருக்கும் ஒரு நாள் குஞ்சிடத்தும் இக்காவல் ஓரளவு உருவாகிறது. முக்கால் நூற்றாண்டுக் காலம் எத்தனையோ கருவிகள் வந்தும் சொட்டுக் குப்பி ஒழியாததற்கு, அது மலிவு என்பதைவிட இதுவே வலுவான காரணம்.

எனினும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும் உழைப்பைப் பெரும் பண்ணைகள் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1950களின் முற்பகுதியிலேயே ஹிட்ச்னரும் பிறரும் பி1 வைரஸைக் காற்றில் தெளித்து மந்தை முழுவதற்கும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தனர். அதே பத்தாண்டில் குடிநீரில் கலக்கும் முறையும், உலர்ந்த மருந்தைத் தூளாக வீசும் முறையும் முயலப்பட்டன. இவற்றுள் தூள் நிலைக்கவில்லை. குடிநீர் முறை மிக எளிதாகத் தோன்றியதால் மிக விரைவில் பரவியது. அதே எளிமையே அதன் கேடாகவும் அமைந்தது. குழாய் நீரிலுள்ள குளோரின் வைரஸைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கலந்து குளோரினைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஓரிரு மணி நேரம் தண்ணீர் கொடாமல் தாகத்தை ஏற்படுத்திய பிறகு, எல்லாக் குஞ்சுகளும் ஒரே சமயத்தில் குடிக்கும்படி போதிய நீர்த்தொட்டிகளை வைக்க வேண்டும். வலுத்த குஞ்சு மிகுதியாகவும் நலிந்த குஞ்சு குறைவாகவும் குடிப்பதைத் தடுக்க வேண்டும். குடிக்கவே சரியாகப் பழகாத முதல் நாள் குஞ்சிடம் இவற்றையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. மேலும் தொண்டை வழியே வயிற்றுக்குள் போய்விட்ட வைரஸ் மூக்கையும் கண்ணையும் தொடுவது குறைவு. மருந்து கிடைக்காமல் விடுபட்ட குஞ்சுகளுக்கு, மருந்து பெற்ற குஞ்சுகள் வெளியேற்றும் வைரஸ் பின்னர் சென்று தொற்றி, அவை வேறொரு குழுவுக்கு அதைக் கடத்த, இலேசான இருமல் வாரக்கணக்கில் மந்தையைச் சுற்றிச் சுற்றி வரும். இதைத் தடுப்பு மருந்தின் பக்க விளைவு என்பதைவிடச் சீரற்ற மருந்தளிப்பின் விளைவு என்பதே பொருந்தும்.

தெளிப்பு முறையில் சிக்கல் வேறு. கோழிக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரலுக்கு அப்பால் வயிற்றறை வரை பரந்து கிடக்கும் மெல்லிய காற்றுப் பைகளுக்குள்ளும் அது இழுக்கும் காற்று செல்கிறது. ஐம்பது மைக்ரானுக்கும் குறைந்த நுண்திவலைகள் காற்றில் மிதந்து அந்த ஆழம் வரை போய்விடுவதால், எதிர்ப்பு வலுவாக உருவாகும் என்றாலும் பிஞ்சுக் குஞ்சுகளின் மூச்சுப்பாதை புண்ணாகி, அங்கே கோலி பாக்டீரியாவும் மைக்கோபிளாஸ்மாவும் குடியேற வழி பிறக்கும்; மருந்து கொடுத்த பின் இறப்பு கூடியது என்று பண்ணைகளில் எழுந்த புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே அடிப்படை. நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட பெருந்திவலைகள் மழைத்தூறலைப் போல விரைவில் கீழிறங்கிக் கண்ணிலும் மூக்கின் முன்பகுதியிலும் நின்றுவிடுகின்றன. ஆகவே குஞ்சுகளுக்குப் பெருந்திவலையும், ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற வளர்ந்த கோழிகளுக்கு நுண்திவலையும் என்ற பாகுபாடு மெல்ல நிலைபெற்றது.

இம்முறைகளைப் பொரிப்பகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த ஆண்டுகள் பெருநோயின் ஆண்டுகள். கொன்ற வைரஸால் செய்த ஊசி மருந்தையே பெரிதும் நம்பியிருந்த பிரிட்டனில் 1970–71இல் பரவிய கொள்ளைநோய், உயிருள்ள மருந்துகளுக்கு அந்நாடு இடம் கொடுக்கக் காரணமாயிற்று. வெய்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஆலனும் கஃபும் பி1 வைரஸைத் தெளிப்பாகக் கொடுப்பதை ஆராய்ந்து 1973இல் எழுதினர். இறக்குமதியான கூண்டுப் பறவைகளோடு வந்ததாகக் கருதப்படும் கடுமையான வைரஸ் 1971இல் தென் கலிபோர்னியாவை அடைந்தபோது, அதை ஒழிப்பதற்குள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளைக் கொல்ல நேர்ந்தது. இத்தகைய இழப்புகளுக்குப் பின், குஞ்சு பண்ணைக்குப் போய்ச் சேரும் வரை காத்திராமல், அது பொரித்த இடத்திலேயே மருந்து கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. கோழிகளின் மற்றொரு வைரஸ் நோயான மாரெக் நோய்க்கான ஊசியை ஒவ்வொரு குஞ்சுக்கும் பொரிப்பகத்திலேயே போடும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்ததால், ஆட்களும் மேசைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன.

நூறு குஞ்சுகள் அடங்கிய அட்டைப்பெட்டியைத் தெளிப்புக் கூண்டுக்குள் தள்ளியதும் மேலுள்ள குழாய் முனைகள் ஒரு கணம் திறந்து மூடும். நூறு குஞ்சுகளுக்கும் சேர்த்துச் சில மில்லிலிட்டர் மருந்தே செலவாகும். முதுகின் மென்தூவியில் முத்துகளாகத் தங்கி மினுங்கும் திவலைகளைக் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திப் பருகுவதால், கண்ணில் படாமல் போன மருந்தும் ஓரளவு வாயை வந்தடைகிறது. மருந்தில் நிறமியைச் சேர்த்து, எத்தனை குஞ்சுகளின் தலையிலும் நாவிலும் நிறம் ஏறியுள்ளது என்று எண்ணிப் பார்ப்பது மேற்பார்வையாளரின் சோதனை. மருந்து மிகுந்து குஞ்சு நனைந்துவிட்டால் குளிரால் நடுங்கிச் சுருண்டுவிடும் என்பதால், தெளித்த பெட்டிகளைக் குளிர்காற்று வீசாத வெதுவெதுப்பான இடத்தில் சிறிது நேரம் உலர வைப்பர். ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் குஞ்சுகள் இவ்வாறு கடந்து போகும். சொட்டு முறையின் உறுதி இதில் இல்லை. ஆனால் குடிநீர் முறையைவிட இது மூக்குக்கும் கண்ணுக்கும் நெருங்கியது. பெருந்தொழிலின் வேகத்துக்கும் குஞ்சின் உடற்கூற்றுக்கும் இடையே கிடைத்த சமரசங்களுள் இதுவே ஓரளவு நேர்மையானது எனலாம்.

அடுத்த அடி முட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஷர்மாவும் பர்மெஸ்டரும் 1982இல், பொரிக்க மூன்று நாட்கள் இருக்கும்போது, அதாவது அடைகாப்பின் 18ஆம் நாளில், மாரெக் நோய்த் தடுப்பு மருந்தை ஓட்டைத் துளைத்துச் செலுத்தினால் குஞ்சு எதிர்ப்போடே பிறக்கிறது என்று காட்டினர். 1990களில் இதற்கான பொறிகள் அமெரிக்கக் கறிக்கோழிப் பொரிப்பகங்களில் பரவின. ஆனால் மூச்சு நோய்களின் மருந்துகள் இந்த வண்டியில் எளிதாக ஏறவில்லை. குஞ்சுக்குத் தீங்கு செய்யாத பி1 போன்ற வைரஸ்கூடக் கருவைக் கொன்றுவிடும்; கருமுட்டையில் வளர்ந்து பெருகும் திறனே அதன் மருந்துத் தொழிலுக்கு அடித்தளம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. வான்கோழியின் ஹெர்ப்பீஸ் வைரஸுக்குள் ராணிக்கெட் வைரஸின் ஒரு மரபணுவை மட்டும் பொருத்திய புதிய மருந்துகள் இத்தடையைத் தாண்டி முட்டைக்குள் சென்றன. அவற்றின் பாதுகாப்பு முழுமை பெறச் சில வாரங்கள் ஆவதாலும், மூச்சுக்குழாயின் சவ்வில் உள்ளூர்க் காவலை அவை பெரிதாகத் தூண்டாததாலும், நோய் மிகுந்த பகுதிகளில் முதல் நாள் தெளிப்பும் கூடவே தொடர்கிறது.

பொரிப்பகம், குளிர்பதனம், தெளிப்புக் கூண்டு ஆகிய எதுவும் எட்டாத இடம் புறக்கடை. தாய்க்கோழி எங்கோ ஒரு மூலையில் அடைகாத்துப் பொரித்த பத்துக் குஞ்சுகளுக்காக ஆயிரம் குஞ்சுக்குரிய குப்பியை உடைக்க எவரும் முன்வருவதில்லை. உடைத்தாலும் மருந்து ஊர் வந்து சேர்வதற்குள் வெயிலில் செத்திருக்கும். தமிழகத்தில் 1932இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் உருவாக்கும் மருந்துகளைக் கொண்டு, பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி இருவார முகாம்கள் நடத்தப்படுவதற்கு, வெயில் காலத்துக்கு முன் நாட்டுக்கோழிகளைக் காக்கும் நோக்கமே காரணம். முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுகள் அதில் விடுபட்டுப் போகின்றன. குயின்ஸ்லாந்தில் சிம்மன்ஸ் 1967இல் விவரித்த வி4 வகை வைரஸ் வெப்பத்தைத் தாங்கும் இயல்புடையது என்று தெரிந்ததும், ஸ்பிராட்பிரோவும் மலேசியாவின் ஐனி இடெரிசும் அதைத் தீவனத்தில் பூசிக் கோழிகளுக்குத் தூவும் முறையை 1980களில் வகுத்தனர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெப்பம் தாங்கும் டி58 வகையைக் கொண்டு உருவாக்கிய வாய்வழிக் குருணை மருந்தும் அதே நோக்கில் பிறந்தது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. எந்தத் தானியத்தின் மேல் பூசுகிறோம், ஒவ்வொரு கோழியும் எவ்வளவு கொத்தியது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறுவது அதன் குறை.

ஸ்பிராட்பிரோவின் குழு பின்னர் ஏழை நாடுகள் தாமே தயாரித்துக்கொள்ளும்படி ஐ-2 என்னும் மற்றொரு வெப்பம் தாங்கும் வகையைக் கொடுத்தது. மொசாம்பிக்கில் ராபின் ஆல்டர்சும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைக் களத்தில் பயன்படுத்தியபோது, தீவனத்திலும் நீரிலும் கொடுத்ததைவிடக் கண்ணில் இட்ட ஒற்றைச் சொட்டே உறுதியான பலன் தந்ததாகவும், ஒருமுறை கொடுத்தால் நெடுநாள் தாங்கியதாகவும் கண்டனர். ஊரைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, மார்ச், ஜூலை, நவம்பர் என நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, அன்று பொரித்த குஞ்சுக்கும் வளர்ந்த சேவலுக்கும் அதே அளவில் ஒரு சொட்டு இட்டு, கோழிக்கு இவ்வளவு என்று சிறு கூலி பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அங்கே நிறுவினர். இரண்டு சுற்றுகளுக்கு இடையே பிறந்த குஞ்சுகளை அடுத்த சுற்று சேர்த்துக்கொள்ளும் என்பதால், பொரித்த நாளைக் குறித்து வைக்கும் தொல்லையும் இல்லாமற் போயிற்று.